பந்திக்கு முந்தும் கழகங்கள்

கடன் தலைக்குமேல் ஏறி, மஞ்சள் கடுதாசி கொடுத்துக் கலைந்துபோன ஒரு கால்பந்துக் கழகம், சில காலம் கழித்துப் புதிய நிர்வாகத்தோடு மீண்டும் எழுந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்தப் படியிலிருந்து ஆடத் தொடங்க வேண்டும்? விழுந்த அதே இடத்திலிருந்தா? அதற்கு ஒரு படி கீழேயா? அல்லது ஏணியின் அடிப்படியிலிருந்தா?

ஞானக் காரியங்களைப் பற்றி எழுத வேண்டிய பங்குக் குரு பந்தைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் இந்தக் கேள்வியின் உள்ளே கடன், கூலி, நீதி, மன்னிப்பு ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. இவை நம் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்று எவரும் சொல்லமாட்டார்.

கல்வராயன் மலை மாலை வெயிலில் கருநீலமாக மாறும் நேரத்தில், கச்சிராயபாளையத்துத் திடலில் பந்து உருளத் தொடங்கும். மலையூர்களிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரும், கரும்புக் காட்டு வேலை முடித்து வரும் இளைஞரும் ஒன்றாக ஆடுவர். அண்மையில் ஒருநாள், ஆட்டம் முடிந்து களைப்பாறும் வேளையில் அவர்களிடையே ஒரு வாக்குவாதம். கோயம்புத்தூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவர் சென்னை சிட்டி கழகத்தைப் பற்றிப் பேசினார். “அந்தக் கடைசி ஆட்டத்தை நேரில் பார்த்தவன் நான், சாமி. அந்த அணியை யாராவது மறுபடியும் கட்டினால், பழைய இடத்தையே கொடுக்க வேண்டும்; அதுதான் நியாயம்” என்றார். பக்கத்தில் அமர்ந்திருந்த மலையூர்ச் சிறுவன், “அப்போ கீழே ஆடுறவங்க எப்ப சாமி மேலே போறது?” என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் அந்த இளைஞரின் ஆதங்கத்தைப் புரிந்துகொள்வோம். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக் வாகையைச் சூடியது. அதற்கு 43 புள்ளிகள். இரண்டாம் இடம் பெற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42. நூற்றாண்டுப் பெருமை கொண்ட கொல்கத்தாக் கழகத்தை ஒரே புள்ளியில் முந்திய அந்த நாளை, தமிழகக் கால்பந்து அன்பர் எவரும் மறக்கமாட்டார். ஐ-லீக்கை வென்ற முதல் தமிழகக் கழகம் அதுவே. ஆனால் இரண்டே ஆண்டுகள் கழித்து, 2021-இல், உரிம நிபந்தனைகளை நிறைவேற்றத் தவறியதால் அதே கழகம் ஐ-லீக்கில் இடமிழந்தது. வாகையர் என்ற சொல்லின் ஈரம் காயும் முன்னரே பெயர்ப் பட்டியலில் பெயரில்லை.

இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டிய மற்றோர் உண்மை உண்டு. சென்னை சிட்டி ஐ-லீக்கிற்குள் படிப்படியாக ஏறி வரவில்லை. 2016 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதற்கு நேரடி நுழைவு அளித்தது. கீழ்ப்படிகளில் மிதிக்காமல் மாடிக்குச் சென்ற கழகம், ஐந்தே ஆண்டுகளில் மாடியிலிருந்து மறைந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப நமக்கு மனம் வரவில்லை. வேரூன்றக் காலம் எடுக்காத மரம் முதல் புயலில் சாய்கிறது.

இந்தியக் கால்பந்தின் மேல்மாடியைப் பார்த்தால் நிலைமை இன்னும் வேடிக்கையானது. சென்னை சிட்டி வாகை சூடிய அதே 2019-இல், இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய புனே சிட்டி கழகம் பணமுடையால் கலைந்தது. அதன் இடத்திற்கு ஆகஸ்டு மாதம் ஐதராபாத் என்ற புத்தம்புதிய கழகம் வந்து அமர்ந்தது. அதுவரை ஓர் ஆட்டமும் ஆடாத கழகத்திற்கு மேல்மாடியில் இருக்கை. நாட்டின் ஐ-லீக்கையே வென்ற கழகத்திற்கு அந்த மாடிக்கான கதவு மூடியிருந்தது! ஐ-லீக்கை வென்றவர் ஆட்டத்திறனால் சூப்பர் லீக்கிற்கு ஏறலாம் என்ற வழி 2023-இல்தான் பஞ்சாப் அணிக்கு முதன்முதலாகத் திறந்தது.

ஐதராபாத்தின் பின்கதை என்ன? முதல் பருவத்தில் கடைசி இடம். 2022 மார்ச்சில் சூப்பர் லீக் வாகை. அதன்பின் பணமுடை, 2023-24 பருவத்தில் ஊதியம் கிடைக்காமல் வீரர்கள் ஒவ்வொருவராக விலக, மீண்டும் கடைசி இடம். பிறகு உரிமையாளர் மாறினர். 2025-இல் கழகம் ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு டெல்லிக்குச் சென்றுவிட்டது. புனேயில் காலியான இருக்கை ஐதராபாத்திற்கு, அங்கிருந்து டெல்லிக்கு. ஒவ்வொரு முறையும் ஓர் ஊர் மக்கள் தாங்கள் அணிந்த வண்ணச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தனர். ஆனால் இருக்கை மட்டும் ஒரு படியும் கீழே இறங்கவில்லை. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பார்கள். உழைத்து ஏறும் படைவரிசையில் பிந்தி, இலை போட்ட பந்தியில் மட்டும் முந்துகிற பழக்கம் இது.

நம் பங்கில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அது நமக்கே வெட்கம் தருவது. சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாவையொட்டி நம் இளைஞர் குழு ஒரு கால்பந்துத் தொடர்போட்டி நடத்தியது. பரிசுத் தொகையைப் பெரிதாக அறிவித்தனர். பந்தல், ஒலிபெருக்கி, தண்ணீர் வண்டி, வீரர்களுக்கான சட்டை அனைத்தும் கடன். அழைப்பிதழில் தலைவர் என்று நம் பெயர். எதிர்பார்த்த நன்கொடை வரவில்லை. போட்டி முடிந்தது, குழு கலைந்தது, கடன் நின்றது. மறு ஆண்டு அதே இளைஞர் வேறு பெயரில் ஒரு குழு அமைத்து, “நாங்கள் பழைய வாகையர், நேராக அரையிறுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று வந்து நின்றனர். நாமும் தலையசைத்துவிட்டோம்.

அன்று மாலை பந்தல்காரரை வழியில் கண்டோம். வேற்றுச் சமயத்தவர், ஏழை. பணம் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நாமே கேட்டபோதுதான், “சாமி இருக்கீங்கன்னுதானே கம்பும் துணியும் இறக்கினேன்” என்றார். அவருக்கு ஒரு குழு கலைந்ததும் மறு குழு பிறந்ததும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. சட்டைப் பெயர் மாறினால் கடன் தீர்ந்துவிடுமா? மறுநாள் இளைஞரை அழைத்தோம். பழைய கடன்காரர் பட்டியலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னோம். நம் பங்கையும் அதில் எழுதினோம். பந்தல்காரருக்கும் தண்ணீர் வண்டிக்காரருக்கும் முதலில் கொடுத்துத் தீர்த்த பிறகே அவர்கள் ஆடினர். அதுவும் முதற் சுற்றிலிருந்து. இரண்டாம் சுற்றில் தோற்றனர். ஆனால் அந்த ஆண்டு பந்தல்காரர் திடலின் ஓரத்தில் நின்று அவர்களுக்காகக் கைதட்டினார்.

நம் நிலைப்பாடு இதுதான்: நொடித்துப்போய் மீண்டும் எழும் கழகத்திற்கு அதன் பெயரையும், வண்ணத்தையும், வரலாற்றையும், மக்களின் அன்பையும் இரு கைகளாலும் திருப்பிக் கொடுங்கள். ஆனால் இருக்கையைக் கொடுக்காதீர்கள். அது சொந்த ஊரில், ஏணியின் அடிப்படியில், கூலிக் கடனைத் தீர்த்த கையோடு தொடங்கட்டும்.

இதை மறுப்போர் கூறும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘பெரிய கழகம் கீழே போனால் லீக்கே அழிந்துவிடும்’ என்பது முதல் வாதம். இதே அச்சம் 2012-இல் ஸ்காட்லாந்து முழுவதும் பரப்பப்பட்டது. 1872-இல் தோன்றிய கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் கழகம் வரி பாக்கியிலும் கடனிலும் மூழ்கி, அவ்வாண்டு பிப்ரவரியில் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வந்தது. ஜூன் மாதம் கடன்தீர்ப்பு உடன்பாட்டை வரித்துறை ஏற்க மறுக்கவே, பழைய நிறுவனம் கலைப்புக்குச் சென்றது; சொத்துகளைப் புதிய நிறுவனம் ஒன்று வாங்கியது. அப்புதிய நிறுவனம் பழைய மேல்மாடியிலேயே இடம் கேட்டது. ரேஞ்சர்ஸ் இல்லாவிட்டால் தொலைக்காட்சிப் பணம் போய்விடும், சிறு கழகங்கள் செத்துவிடும் என்று எச்சரித்தவர்கள் அநேகர். ஆயினும் பிற கழகங்களின் எளிய ரசிகர்கள், ‘காசு கொடுத்து நீதியை வாங்கினால் நாங்கள் நுழைவுச்சீட்டு வாங்கமாட்டோம்’ என்ற உறுதியோடு நின்றனர். ஜூலை 4 அன்று மேல் லீக் கழகங்கள் கதவை மூடின. ஜூலை 13 அன்று கீழ் லீக்குகளின் 30 கழகங்களில் 25 கழகங்கள், ரேஞ்சர்ஸ் நான்காம் படியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று வாக்களித்தன. லீக் அழிந்ததா? இல்லை. ஸ்காட்லாந்தில் இன்றும் பந்து உருள்கிறது.

இவ்விடத்தில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. ரேஞ்சர்ஸின் பரம்பரைப் போட்டியாளரான செல்டிக் கழகம், ஏழை ஐரிஷ் கத்தோலிக்கருக்கு உணவளிக்கும் நோக்கத்தோடு மாரிஸ்டு சபைச் சகோதரர் வால்பிரிட் 1887-இல் தொடங்கியது. ஆகவே நம் வாதத்தில் சமயக் காழ்ப்பு ஒளிந்திருப்பதாக யாரும் கருத வேண்டாம். வீழ்ந்தது செல்டிக்காக இருந்திருந்தாலும் நாம் இதையே சொல்லியிருப்போம். நம்மவர் என்பதால் இன்னும் உரக்கச் சொல்லியிருப்போம்.

‘ரசிகர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நிர்வாகியின் குற்றத்திற்கு அவர்களைத் தண்டிக்கலாமா?’ என்பது இரண்டாம் வாதம். நெஞ்சைத் தொடும் வாதம். ஆனால் கீழ்ப்படியில் ஆடுவது ரசிகருக்குத் தண்டனையா? 2012 ஆகஸ்டு மாதம் நான்காம் படி லீக்கில் ரேஞ்சர்ஸ் தன் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் லீக் ஆட்டத்தைக் காண 49,000 பேருக்குமேல் வந்தனர். அன்பு படியைப் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னர், பீட்டர்ஹெட் என்ற சிறிய மீன்பிடித் துறைமுக ஊரின் கழகம் அவர்களை 2-2 என்று சமநிலையில் நிறுத்தியது. மேலிருந்தே தொடங்கியிருந்தால், அந்தச் சிற்றூருக்கு அப்படி ஒரு நாள் வாய்த்திருக்குமா?

‘அடிப்படியில் தொடங்கினால் முதலீடு செய்பவர் வரமாட்டார்’ என்பது மூன்றாம் வாதம். இத்தாலியின் பார்மா கழகத்தைப் பாருங்கள். 2015-இல் அது ஒரு யூரோவுக்குக் கைமாறும் நிலைக்குத் தாழ்ந்தது. மைதானப் பணியாளருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டு திவாலாகி, நான்காம் படியில் புதிதாகத் தொடங்கியது. பணம் போட ஆளில்லாமல் போகவில்லை. மூன்று பருவங்களில் மூன்று படி ஏறி, 2018-இல் முதற்படிக்குத் திரும்பியது. அடியில் நிற்க மனமில்லாத முதலாளி, முதல் இழப்பு வந்ததும் உச்சியிலிருந்தும் ஓடிவிடுவார். அவரை இழப்பது இழப்பே அன்று.

மாற்று எடுத்துக்காட்டும் உண்டு. 2002-இல் நொடித்த புளோரன்ஸ் நகரின் ஃபியோரென்டினா, நான்காம் படியில் தொடங்கி அதை வென்றது, நல்லது. ஆனால் 2003-இல் அதை மூன்றாம் படியில் நிறுத்தாமல் நேராக இரண்டாம் படியில் சேர்த்துவிட்டனர். அழகிய நகரம், புகழ்பெற்ற பெயர். ஆகவே ஒரு படி தள்ளுபடி. அந்தப் படியில் பல ஆண்டுகள் வியர்வை சிந்திய சிறு கழகங்களிடம் யாராவது அனுமதி கேட்டனரா?

இனி நான்காவது வாதம். நம் மக்கள் நம்மிடமே எடுத்துக் காட்டுவது. ‘ஊதாரி மைந்தன் திரும்பி வந்தபோது தந்தை அவனைக் கூலியாள் வரிசையிலா நிறுத்தினார்? ஆடையும் மோதிரமும் அணிவித்து விருந்தல்லவா வைத்தார்? சாமியார் மட்டும் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்?’ என்கின்றனர். உவமையை இறுதிவரை வாசிக்க வேண்டுகிறோம். தந்தை இளையவனுக்குத் திருப்பிக் கொடுத்தது மகன் என்ற உறவை. அவன் அழித்த பங்கை ஈடுகட்ட மூத்தவனின் பங்கை வெட்டிக் கொடுக்கவில்லை. தமக்குள்ளதெல்லாம் மூத்தவனுக்கே உரியது என்று அவனிடம் உறுதியும் கூறினார். கழகத்தின் பெயரும் வரலாறும் மகன் என்ற உறவு போன்றவை. அவற்றைத் திருப்பிக் கொடுப்பது இரக்கம். ஆனால் லீக்கில் ஓர் இடம் என்பது கூட்டமைப்பு தன் மடியிலிருந்து எடுத்து வழங்கும் மோதிரம் அன்று. கீழே காத்திருக்கும் ஒருவர் ஆட்டத்தால் வென்றிருக்க வேண்டிய இடம் அது. பிறன் பொருளை எடுத்து ஒருவனுக்குக் காட்டும் தயவுக்கு இரக்கம் என்று பெயரில்லை.

மறுபுறம், அடிப்படி என்பது மந்திரம் அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ரேஞ்சர்ஸ் நான்காம் படிக்கு இறங்கியதால் பழைய நிறுவனத்திடம் ஏமாந்த கடன்காரருக்கு முழுத்தொகையும் கிடைத்துவிடவில்லை. புதிய நிறுவனமும் சில ஆண்டுகளிலேயே மீண்டும் கடன் வாங்கித் தள்ளாடியது. முழங்காலில் நிற்பதாலேயே ஒருவர் மனந்திரும்பியவர் ஆகிவிடமாட்டார். ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்ற மூன்றும் கேட்கப்படுவதை நாம் சிறுவயது முதலே கற்றிருக்கிறோம். கழகத்திற்கும் அம்மூன்றும் வேண்டும். வீழ்ச்சிக்குக் காரணமான நிர்வாகிகள் திரும்பி வராதிருப்பது மனத்துயரின் அடையாளம். கணக்கை ஊரறிய வெளியிடுவது அறிக்கை. வீரர், மைதானப் பணியாளர், சமையலாளர், வண்டியோட்டி ஆகியோரின் கூலி பாக்கியைத் தீர்த்த பிறகே பந்தைத் தொடுவது பரிகாரம். சக்கேயு, தான் வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். நம் கழகங்களிடம் நான்கு மடங்கு கேட்கவில்லை; ஒரு மடங்கு போதும்.

ஆலைக்குக் கரும்பு அனுப்பிவிட்டு நிலுவைத் தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது தமிழக விவசாயிக்குப் புதிதன்று. எனவே, கொடுக்க வேண்டியவன் பெயரை மாற்றிக்கொண்டு மேடையேறும்போது வாங்க வேண்டியவன் வயிறு எப்படி எரியும் என்பதை நம் ஊர் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த இளைஞருக்கு நாம் சொல்வது: தம்பி, உங்கள் சென்னை சிட்டி மீண்டும் வரட்டும். கோவையின் மாவட்ட லீக்கில் வரட்டும். அங்கிருந்து மாநில லீக், பின் 2023-இல் உருவான ஐ-லீக் மூன்று, அதன்பின் இரண்டு என்று ஏறட்டும். ஏணி இருக்கிறது. நீங்களும் மாவட்ட ஆட்டம் முதல் சீட்டு வாங்கிப் பாருங்கள். அப்படி ஏறி மறுபடியும் ஒரு வாகை வென்றால், அதை எவராலும் இடம் மாற்றி விற்க முடியாது. விருந்தில் கடைசி இடத்தில் அமருமாறு நம் ஆண்டவர் அறிவுறுத்தியது, மேலே அழைக்கப்படுவதில் உள்ள மகிழ்ச்சியை அறிந்துதான்.

மலையூர்ச் சிறுவனுக்கு நாம் சொல்வது: உன் கேள்வியே சரியான கேள்வி. மேலே இருக்கைகள் விற்கப்படும்வரை உனக்கு ஏணி இல்லை. விழுந்தவர் அடியிலிருந்து ஏறும் நாட்டில்தான், அடியில் பிறந்தவனும் ஏற முடியும். அதுவரை, தம்பி, உன் பயிற்சியை நிறுத்திவிடாதே.